அங்கே ஜெர்மன்காரர், இங்கே ரஷ்யாக்காரர்

எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. ஊரில் எல்லோரும் அதை 'ரஷ்யக் கடை' என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஜெர்மனிக்கு வந்த புதிதில் ரவைக்கு அலைந்தபோது அலுவலக நண்பர் ஒருவர் காட்டிக்கொடுத்த கடை. 'மான்கா' என்ற பெயரில் ரவை, மோருக்கும் தயிருக்கும் நடுவில் ஒரு பதத்தில் கெஃபிர், டின்னில் நம்ம ஊர் மில்க்மெய்ட் மாதிரி இனிப்புப் பால், கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி, கயிற்றில் கோத்துத் தொங்கும் கருவாடு. நம்ம ஆளுக்கு வேறென்ன வேணும்? பத்து வருஷமாக வாரம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தேன்.

2022 மார்ச் முதல் வாரம். ரஷ்யா உக்ரைன் மீது முழுப் படையெடுப்பைத் தொடங்கி (பிப்ரவரி 24) பத்து நாள்கூட ஆகவில்லை. காலையில் ரயிலுக்குப் போகும்போது பார்த்தேன், கடையின் இரும்பு ஷட்டரில் சிவப்புப் பெயின்ட்டில் பெரிய எழுத்தில் 'கொலைகாரர்களே, வீட்டுக்குப் போங்கள்' என்று எழுதியிருந்தது. கடைக்கார அம்மா ஒரு வாளித் தண்ணீரும் பிரஷ்ஷுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். நான் எதிர்ப்பக்க நடைபாதையில் இருந்தேன். நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ரயிலுக்குப் போய்விட்டேன்.

அப்புறம் மூன்று வாரம் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனபோது கூட்டம் இல்லை. ஷட்டர் எழுத்து போய்விட்டது, ஆனால் ரோஸ் நிறத்தில் ஒரு கறை தங்கியிருந்தது. நான் எதுவும் கேட்காமலே அவர் சொன்னார்: "வீட்டுக்குப் போன்னு எழுதியிருந்தாங்க. எந்த வீட்டுக்குன்னு எழுதலை."

அந்த ஒரு வரிதான் என்னைப் படிக்க வைத்தது. அவர் ரஷ்யர் இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிறந்தது கஜகஸ்தானில், கரகண்டா பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில். இனம் ஜெர்மன். அம்மா வழியில் வோல்கா நதிக்கரை, அப்பா வழியில் ஒடெசா பக்கத்துக் கிராமம். கீழே இருப்பது இரண்டு மூன்று வருஷமாகச் சேர்த்துவைத்த குறிப்புகளின் சுருக்கம்.

ராணி கொடுத்த அழைப்பு

ரஷ்யாவின் பேரரசி இரண்டாம் கேத்தரின் பிறப்பால் ஜெர்மன் இளவரசி. ஆட்சிக்கு வந்த மறு வருஷமே, 1763இல், வெளிநாட்டார் ரஷ்யாவில் வந்து குடியேறலாம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார். இலவச நிலம், மதச் சுதந்திரம், புது நிலத்தைத் திருத்திக் குடியேறுவோருக்கு முப்பது வருஷம் வரிவிலக்கு, ராணுவச் சேவையிலிருந்து விலக்கு. ஏழாண்டுப் போரில் நொந்துபோயிருந்த ஜெர்மன் நிலப்பகுதிகளிலிருந்து, முக்கியமாக ஹெஸ்ஸன் பக்கத்திலிருந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிளம்பின. சில ஆண்டுகளிலேயே வோல்காவின் சரதோவ் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட ஜெர்மன் கிராமங்கள் எழுந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு அலை கருங்கடல் கரைக்குப் போனது. அதாவது இன்றைய தெற்கு உக்ரைன்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்று ஏவுகணை விழுகிற நிலத்தில் கோதுமை போட்டவர்களில் இவர்களுடைய முப்பாட்டன்களும் உண்டு.

வீட்டில் ஜெர்மன் வட்டார வழக்கு, சந்தையில் ரஷ்யமோ உக்ரைனியமோ. ஒரு நூறு வருஷம் யாரும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. 1870களில் சலுகைகள் பறிபோயின. 1874இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. ஆயுதம் ஏந்துவதில்லை என்று விரதம் இருந்த மென்னோனைட் சபையார் பலர் உடனே மூட்டை கட்டி அமெரிக்காவின் கான்சாஸ் பக்கம் போனார்கள். போகும்போது கொண்டுபோன கோதுமை விதைதான் பிறகு அங்கே 'டர்க்கி ரெட்' என்று புகழ்பெற்றது. மற்றவர்கள் தங்கிவிட்டார்கள்.

முதல் உலகப்போர்: பெயரைப் பார்த்து அடித்த காலம்

தூரத்தில் நடக்கிற போர் பக்கத்துத் தெருவில் இறங்குவது 2022இல் புதிதாகத் தொடங்கியதல்ல. 1914 முதல் 1918 வரை உலகம் முழுக்க ஜெர்மன் பெயர் வைத்திருந்தவர்கள் பட்டதைப் பார்த்தால் அதன் வழிமுறை துலங்கும்.

1915 மே 7ஆம் தேதி லூசிடானியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஏறக்குறைய 1,200 பேர் செத்தார்கள். கோபம் நியாயமான கோபம். ஆனால் அது போய் இறங்கிய இடம் லிவர்பூலிலும் லண்டனிலும் இருந்த ஜெர்மன் ரொட்டிக் கடைகள், இறைச்சிக் கடைகள். பல தலைமுறையாக அங்கேயே இருந்தவர்கள், பிள்ளைகளைப் பிரிட்டிஷ் படைக்கே அனுப்பியிருந்தவர்கள், எல்லோர் கடைக் கண்ணாடியும் நொறுங்கியது. கனடாவில் பெர்லின் என்று ஓர் ஊர் இருந்தது. 1916இல் அதைக் கிச்னர் என்று மாற்றினார்கள். பிரிட்டிஷ் அரச குடும்பமே 1917 ஜூலையில் தன் ஜெர்மன் வம்சப் பெயரை விட்டுவிட்டு வின்ஸர் ஆனது. அமெரிக்காவில் சௌவர்கிராவுட் என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயை 'சுதந்திர முட்டைக்கோஸ்' என்று அழைத்தார்கள். சிரிப்பாக இருக்கிறதா? அதே அமெரிக்காவில், 1918 ஏப்ரல் 5 அன்று, இலினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில் ஊரில் ராபர்ட் பிராகர் என்ற ஜெர்மனியில் பிறந்த சுரங்கத் தொழிலாளியை ஒரு கும்பல் மரத்தில் தூக்கிலிட்டது. அமெரிக்கக் கடற்படையில் சேர முயன்று முடியாமல் போனவர் அவர். வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலை.

நம்ம ஊரும் இதிலிருந்து தப்பவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட கதை எல்லோருக்கும் தெரியும், 'அவன் பெரிய எம்டன்' என்று இன்னும் பேசுகிறோம். அதிகம் பேசப்படாதது தரங்கம்பாடிப் பக்கத்து ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகளின் கதை. பள்ளிக்கூடம் நடத்தி, தமிழ் படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்கள். போர் வந்ததும் எதிரிநாட்டார் ஆனார்கள். சிலர் முகாமில் அடைக்கப்பட்டார்கள், சிலர் கப்பலேற்றப்பட்டார்கள். பொறுப்பு ஸ்வீடன் சபையார் கைக்குப் போனது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக உருவானதில் இந்தப் போருக்கும் பங்குண்டு.

ரஷ்யாவில்? பீட்டர்ஸ்பர்க் என்ற பெயரில் ஜெர்மன் வாடை அடிக்கிறது என்று 1914இல் பெட்ரோகிராட் ஆக்கினார்கள். 1915இல் மாஸ்கோவில் ஜெர்மன் பெயர்ப்பலகை உள்ள கடைகளைத் தேடித் தேடிச் சூறையாடினார்கள். எங்கள் கடைக்கார அம்மாவின் முன்னோர் வோல்கா கரையில் இருந்ததால் கண்ணாடிதான் தப்பியது. ஜெர்மன் குடியேறிகளின் நிலத்தைப் பறிக்கும் சட்டங்கள் அதே ஆண்டு மேற்கு மாகாணங்களில் தொடங்கிவிட்டன.

1941, மாட்டு வண்டி ரயில்

சோவியத் ஆட்சி முதலில் இவர்களுக்கு மரியாதை செய்தது. 1924இல் வோல்கா ஜெர்மானியருக்கென்று தன்னாட்சிக் குடியரசு. தலைநகரின் பெயர் பிற்பாடு எங்கெல்ஸ். ஜெர்மன் பள்ளி, ஜெர்மன் செய்தித்தாள், எல்லாம் இருந்தது.

1941 ஜூன் 22 அன்று ஹிட்லர் சோவியத் யூனியன்மீது பாய்ந்தார். ஆகஸ்ட் 28 அன்று மாஸ்கோவிலிருந்து ஓர் ஆணை வந்தது. வோல்கா ஜெர்மானியர் மத்தியில் ஆயிரம் ஆயிரமாக உளவாளிகளும் நாசவேலைக்காரர்களும் ஒளிந்திருக்கிறார்கள், அவர்களை மற்றவர்கள் காட்டிக்கொடுக்கவும் இல்லை, எனவே மொத்தப் பேரையும் இடம்பெயர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆதாரம் ஒன்றும் கிடையாது. பெயர் போதுமானதாக இருந்தது. சில வாரங்களுக்குள் வோல்கா பகுதியிலிருந்து சுமார் நான்கு லட்சம் பேர் சரக்கு ரயில்களில், மாடுகளை ஏற்றுகிற பெட்டிகளில், சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பப்பட்டார்கள். குடியரசு வரைபடத்திலிருந்தே போயிற்று.

கடைக்கார அம்மாவின் பாட்டி அந்த ரயிலில் போனவர். அறுவடைக் காலம், மாட்டைக் கறக்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்தோம், அது கத்தினது காதிலேயே இருக்கு என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். 1942இலிருந்து ஆண்களை 'உழைப்புப் படை' என்ற பெயரில் முள்கம்பிக்குள் வைத்து மரம் வெட்டவும் சுரங்கம் தோண்டவும் விட்டார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் பதினாறு வயது தாண்டிய பெண்களுக்கும் அதே கதிதான். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. போர் முடிந்தும் விடவில்லை. இந்த நாடுகடத்தல் நிரந்தரம், அனுமதியின்றி ஊரைத் தாண்டினால் இருபது ஆண்டு கடுங்காவல் என்று 1948இல் ஆணை போட்டார்கள். 1955 டிசம்பரில்தான் கட்டுப்பாடு தளர்ந்தது, அப்போதும் சொந்த ஊருக்குத் திரும்ப உரிமை கிடையாது. உளவாளிகள் என்ற குற்றச்சாட்டை வாபஸ் வாங்கவே 1964 ஆயிற்று.

அப்பா வழியின் கதை இன்னும் சிக்கல். ஒடெசாப் பகுதியை 1941இல் ஜெர்மனியும் ருமேனியாவும் பிடித்துக்கொண்டதால் அங்கிருந்த ஜெர்மானியரில் பெரும்பாலோரை ஸ்டாலினால் அப்போது நாடுகடத்த முடியவில்லை. 1944இல் செம்படை முன்னேறியபோது நாஜிகள் அவர்களை மேற்கே ஓட்டிப்போனார்கள். 1945இல் சோவியத் படை பிடித்து, மறுபடி கிழக்கே, கஜகஸ்தானுக்கு. ஆக இரண்டு வழியும் கரகண்டாவில் சந்தித்தது. 1960க்குக் கொஞ்சம் முன்னால் இந்த அம்மா பிறந்தார்.

"பள்ளிக்கூடத்துல போர்ப் படம் போடுவாங்க. படம் முடிஞ்சதும் பசங்க என்னைத்தான் திரும்பிப் பாப்பாங்க. ஃபாசிஸ்டுன்னு கூப்பிடுவாங்க. எங்க பாட்டி பஸ்ஸுல ஜெர்மன் பேசாதேன்னு வாயைப் பொத்துவாங்க. அப்படித்தாங்க ஜெர்மன் போச்சு. ரஷ்யன்தான் மிஞ்சிச்சு."

இங்கே வந்தபோது

1980களின் கடைசியில் கதவு திறந்தது. அதன்பின் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் 'மூதாதையர் நாடு' என்று ஜெர்மனிக்கு வந்தார்கள். சட்டம் இவர்களை அகதி என்றோ அந்நியர் என்றோ சொல்லாது. வந்ததும் ஜெர்மன் குடியுரிமை. பெயரைக்கூட அலுவலகத்திலேயே ஜெர்மன்மயமாக்கிக்கொள்ளலாம். எவ்கேனி ஓய்கன் ஆனார், ஆந்திரேய் ஆந்திரயாஸ் ஆனார், தகப்பன் பெயரிலிருந்து வரும் நடுப்பெயர் உதிர்ந்துபோனது.

ஆனால் வாயைத் திறந்தால் ரஷ்யன் உச்சரிப்பு. பாட்டி வாயைப் பொத்தியதற்கான விலை இங்கே வந்து விடிந்தது. இந்தச் சமூகத்தில் பழமொழி மாதிரி ஒரு பேச்சு உண்டு: அங்கே நாங்கள் ஜெர்மன்காரர், இங்கே ரஷ்யாக்காரர். அந்த அம்மா 1993இல் வந்தார். ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, பிறகு சேமிப்பில் இந்தக் கடை. பலகையில் 'ரஷ்ய உணவு வகைகள்' என்று எழுதியது வியாபாரத்துக்காக. கஜகஸ்தான் ஜெர்மானியர் சாப்பாடு என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

2022இல் நடந்தது

எங்கள் ஊர் ஷட்டர் தனிக்கதை இல்லை. அதே மார்ச்சில் ஓபர்ஹவுசன் நகரில் ஒரு ரஷ்யப் பலசரக்குக் கடையின் கண்ணாடி உடைந்தது. பெர்லின் மார்த்ஸான் பகுதியில் ஜெர்மன்-ரஷ்ய இருமொழிப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் தீ வைக்கப்பட்டது. தெற்கே ஓர் உணவகம், ரஷ்யக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இங்கே இடமில்லை என்று இணையத்தில் போட்டு, கண்டனம் வந்ததும் வாபஸ் வாங்கியது. பாரிஸில் நடந்ததுதான் உச்சம். 'புத்தீன்' என்பது உருளைக்கிழங்கு வறுவல்மேல் பாலாடைக் கட்டியும் குழம்பும் ஊற்றித் தரும் கனடா பலகாரம். பிரெஞ்சில் ரஷ்ய அதிபரின் பெயரும் அதே மாதிரி ஒலிக்கும். அதை விற்ற உணவகத்துக்கு மிரட்டல் வந்து, எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு ஷட்டர் கறையை மரியூபோலின் பக்கத்தில் வைத்துப் பேசக் கூடாது. படையெடுத்தது ரஷ்ய அரசு. செத்ததும் வீடிழந்ததும் உக்ரைன் மக்கள். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த உக்ரைனியர் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். இங்கே அவர்கள்மீதும் வசவும் தாக்குதலும் நடந்தது.

ரஷ்ய ஜெர்மானியர் எல்லோரும் அப்பாவிகள் என்றும் எழுத மாட்டேன். ஏப்ரல் 3 அன்று பெர்லினில் சுமார் 400 கார்கள் ரஷ்யக் கொடியைக் கட்டிக்கொண்டு ஊர்வலம் போயின. எங்களுக்கு எதிரான பாகுபாட்டைக் கண்டிக்கிறோம் என்பது சொல்லப்பட்ட காரணம். அகதிகள் ரயில் ரயிலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே நகரத்தில் அந்தக் கொடி என்ன சொல்லியிருக்கும்? வீட்டில் மாஸ்கோ தொலைக்காட்சி மட்டும் பார்க்கிறவர்கள் இங்கே நிறைய. கடைக்கார அம்மாவின் சொந்தத் தம்பியே அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீடும் இப்போது சேர்வதில்லை.

அந்த மே மாதம் பெர்லின் காவல்துறை, இரண்டாம் உலகப்போர் நினைவிடங்கள் பதினைந்தில் ரஷ்யக் கொடிக்கும் உக்ரைன் கொடிக்கும் சேர்த்தே தடை போட்டது. மே 8 அன்று 25 மீட்டர் நீள உக்ரைன் கொடி ஒன்றைச் சுருட்டச் சொன்னார்கள். செம்படையில் செத்தவர்களில் உக்ரைனியரும் லட்சக்கணக்கில் உண்டு. அவர்கள் பேரப்பிள்ளைகள் அந்தக் கல்லறைக்குத் தங்கள் கொடியோடு போக முடியவில்லை. தெருச்சண்டையைத் தடுக்கப் போட்ட உத்தரவுதான். ஆனாலும் அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே கயிற்றில் கட்டினால் அமைதி வந்துவிடுமா?

வரிசையில் நின்ற நாலு பேர்

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை. சூரியகாந்தி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ஜெர்மன் கடைகளிலேயே ஆளுக்கு இத்தனை பாட்டில் என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். இங்கேயும் ஜெர்மனிலும் ரஷ்யனிலும் எழுதி ஒட்டியிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு முதியவர், அவருக்கு முன்னால் ஒரு சின்னப் பையனோடு ஒரு இளம்பெண். அவள் ரஷ்யனில்தான் கல்லாவில் ஏதோ கேட்டாள். கார்கிவ் நகரத்தவள். கார்கிவில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ரஷ்யன்தான், குண்டு விழும்போது அது கணக்கில் வரவில்லை.

முதியவர் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண் கூடையைத் தரையில் வைத்தாள், பையன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். கடைக்கார அம்மா எழுந்து வந்தார். முதியவர் பெல்ட்டில் எடுத்து வைத்திருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அவர் தள்ளுவண்டியிலேயே போட்டார். ரஷ்யனில் இரண்டே வார்த்தை. பிறகு ஒரு பை பக்வீட் தானியத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் பின்னால் ஓடினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பையோடேயே திரும்பி வந்தார்.

முதியவர் சொன்னதைப் பிற்பாடு கேட்டேன். "உங்க ஊர்ல ஒண்ணுமே நடக்கலை, கேமராவுக்காக நடிக்கிறீங்கன்னார். அவரும் கரகண்டாதான். அவங்க அம்மாவும் எங்க பாட்டியும் ஒரே ரயில்ல வந்தவங்க. நாங்க உளவாளின்னு ரேடியோ சொன்னப்போ ஊர்ல எல்லாரும் நம்பினாங்களே, அது அவருக்கு மறந்துபோச்சு."

அந்தப் பெண் அப்புறம் வரவில்லை. இருபது வருஷ வாடிக்கையாளரான அந்த முதியவரும் வரவில்லை. அன்று அந்த வரிசையில் நானும்தான் நின்றேன், கையில் ரவைப் பாக்கெட்டோடு. வாயைத் திறக்கவில்லை. மொழி தெரியாது என்பது உண்மைதான். முகம் தெரிந்ததே.

பலகையில் இப்போது 'ரஷ்ய' என்ற சொல் இல்லை, 'கிழக்கு ஐரோப்பிய உணவு வகைகள்' என்று மாற்றியாகிவிட்டது. போர் இன்னும் முடிந்தபாடில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கடையை என்ன சொல்லிக் குறிப்பிடுவது என்று இன்னும் தீர்மானமாகவில்லை, பழக்கத்தில் 'ரஷ்யக் கடை' என்று வந்துவிடுகிறது, பிறகு திருத்திக்கொள்கிறோம்.

இந்தக் குறிப்புகளைப் பதிவாக்கலாமா என்று கேட்கப் போனபோது, அந்த மார்ச் காலையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். எதிர்ப்பக்கமாகப் போனது நான்தான் என்று.

"பார்த்தேன்," என்றார். "ரயிலுக்கு நேரமாயிடுச்சுபோலன்னு நினைச்சுக்கிட்டேன்."

ரவைப் பாக்கெட்டை ஸ்கேன் செய்து என் பக்கம் தள்ளினார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றைக்கு ரயில் இருபது நிமிடம் தாமதம். பிளாட்ஃபாரத்தில் சும்மாதான் நின்றுகொண்டிருந்தேன்.